தெருக்குத்து வீட்டுக்காரி

பூமாரிக்கு வீடு என்றால் முதலில் கதவுதான். சுவர், கூரை, சமையல்கட்டு எல்லாம் பிறகு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் போட்டதுதான். "சீக்கிரம் வாடி, எனக்கும் துணி மாத்தணும்" என்று வெளியே ஒருத்தி தட்டக் கூடாது. அந்தக் கதவைத் திறந்து யார் வரலாம், யார் வரக் கூடாது என்று சொல்கிற வாய் அவளுடைய வாயாக மட்டும் இருக்க வேண்டும்.

இதைப் பேராசை என்று சொல்கிறவர்கள் சுங்குவார்சத்திரத்தில் சந்திரம்மாள் நடத்தும் பெண்கள் விடுதியைப் பார்த்ததில்லை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த நாள் முதல் பூமாரிக்கு அதுதான் இருப்பிடம். அறைக்கு எட்டுப் பேர், நான்கு கட்டில். பகல் ஷிப்ட்காரி எழுந்த சூடு ஆறுமுன் இரவு ஷிப்ட்காரி வந்து விழுவாள். அந்தக் கட்டில்கள் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் குளிர்ந்ததில்லை. மார்கழிக் குளிரிலும் அவற்றின் மேல் இட்லி மாவை வைத்தால் அரை மணியில் பொங்கி வழியும். ஒருத்தி காணும் கனவுக்குப் பக்கத்துக் கட்டில்காரி பதில் சொல்வாள். கனகலட்சுமி என்ற பெண் ஒருநாள் தூக்கத்தில் ஊர் பஸ்ஸுக்குக் கை காட்டி நிறுத்த, மற்ற மூன்று பேரும் கண்ணைத் திறக்காமலே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சந்திரம்மாள் மட்டும் வாசலில் மறிக்கவில்லை என்றால் திண்டிவனத்தில்தான் விழித்திருப்பார்கள்.

இத்தனைக்கும் பூமாரிக்கு வீடு இல்லாமல் இல்லை. ஊரில் அவள் சம்பளத்தில் எழும்பிய மாடி வீடு இருக்கிறது. அண்ணன் மாரிராஜ் பேரில் இருக்கிறது. "இன்னொரு வீட்டுக்குப் போறவ பேர்ல என்னத்துக்குட்டி" என்று அம்மா உலகம்மாள் கேட்டபோது பூமாரிக்கு உலகம் தெரியாத வயது, தலையை ஆட்டிவிட்டாள். இன்னொரு வீட்டுக்குப் போகிற காரியமும் நடக்கவில்லை. வந்த மாப்பிள்ளைகளில் ஒருவன் அவளுடைய ஓ.டி. எவ்வளவு என்று கேட்டான். மற்றொருவன் அதை அவளிடம் கேட்காமல் அண்ணனிடம் கேட்டான். இருவரையும் காபியோடு அனுப்பிவைத்தாள்.

மாடியில் 'பூமாரி ரூம்' என்று பேச்சுக்கு ஒன்று உண்டு. போன பொங்கலுக்குப் போனபோது அதில் மதினியின் தம்பி படுத்திருந்தான். கட்டிலுக்கடியில் வெங்காய மூட்டை. பூமாரி கூடத்தில் ஓரமாகச் சுருண்டாள். அண்ணன் மகள் வந்து, "அத்தை, கொஞ்சம் தள்ளிப் படுங்க, டிவி மறைக்கு" என்றாள்.

அந்த இடத்திலேயே முடிவு கட்டினாள். இனி ஒரு வீடு வாங்குவது. தன் பேரில். தன் பேரில் மட்டும்.

இப்போது அவள் லைன் சூப்பர்வைசர். வங்கியில் கடன் கேட்டுப் போனபோது அங்கிருந்த அதிகாரி, "கூட யாரும் சேரலையாம்மா?" என்று கேட்டார். "நான் ஒருத்தி பத்தாதா சார்?" என்று இவள் கேட்டாள். அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு கடன் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

சூரியோதயா நகர் ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சேரப்பணஞ்சேரிக்குப் போகும் வழியில் புதிதாகப் போட்ட குடியிருப்பு. வாங்க நினைப்பவர்களை ஞாயிறு காலையில் சிங்கப்பெருமாள் கோவில் ரயிலடியில் வெள்ளை வேனில் ஏற்றி, வீடு காட்டி, பிரியாணி போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சங்கதி எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. வேன் கிளம்பும் நேரத்துக்கு மாரிராஜ் வந்து குதித்தான். புதுச் சட்டை, சட்டைப் பையில் இரும்பு அளவு நாடா.

"ஒத்தப் பொம்பள போயி வீடு பாத்தா ஏமாத்திருவானுவட்டி. அதான் கடைய அடைச்சிட்டு ராவோட ராவா பஸ் ஏறிட்டேன்" என்றான். ஊரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் அவன். தங்கை ஊரிலிருந்து கிளம்பிய நாளில் பஸ் ஏற்றிவிட வராதவன்.

வேனில் பாலாஜி என்ற விற்பனைப் பையன் மைக்கைப் பிடித்தான். "மேடம், சார், நம்ம ப்ராஜெக்ட்ல நாப்பத்தெட்டு வில்லா. நாப்பத்தெட்டும் கிழக்குப் பாத்த வாசல். ஒருத்தர் வாசல் இன்னொருத்தர் வாசலைப் பாக்காது. எல்லாம் வாஸ்து நிபுணரைக் கூட்டிட்டு வந்து போட்ட ப்ளான்."

பொய்யில்லை. நகரின் நுழைவாயில் வளைவிலிருந்து ஒரே ஒரு பெரிய சாலை மேற்கே ஓடியது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சின்னத் தெருக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் வீடுகள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்ததுபோலக் கிழக்கே பார்த்து.

பன்னிரண்டாம் எண் வீட்டுக்குள் போனதுமே மாரிராஜ் நாடாவை உருவினான்.

"இந்த ரூம் எனக்கும் மதினிக்கும். பயல இங்கதான் காலேஜ்ல சேக்கணும், அவனுக்கு மாடி. அம்மாவுக்குக் கீழ."

"எனக்கு?"

"ஒனக்கென்னட்டி, பாதி நாளு நைட் ஷிப்ட். ஹால்ல ஒரு சோபாவப் போட்டா ஆச்சு." நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னான், "பத்திரத்துல மொதல்ல எம் பேரு. அடுத்து ஒம் பேரு. பாக்குறவனுக்கு ஒரு மரியாதை வேணும்லா."

பூமாரி வெளியே வந்தாள். பெரிய சாலையின் கடைசியில், சாலை போய் முட்டுகிற இடத்தில், ஒரு வீடு தனியாகக் கண்ணில் பட்டது. மற்ற வீடுகள் போலவேதான் இருந்தது. ஆனால் சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. கேட்டுக்கு முன்னால் நெருஞ்சி மண்டிக் கிடந்தது. அதை நோக்கி நடந்தாள்.

"மேடம், அது வேண்டாம் மேடம்" என்று பாலாஜி பின்னால் ஓடி வந்தான்.

நாற்பத்தெட்டாம் எண் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். சாலை அத்தனை நேர். வளைவுக்கு அப்பால் ஒருவன் பீடி பற்றவைத்தால் எந்தக் கையால் பற்றவைத்தான் என்று இங்கிருந்து சொல்லலாம். இலை அசையாத அந்த வெயிலில் எங்கிருந்தோ ஒரு காற்று அந்தச் சாலையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடிவந்து அவள் துப்பட்டாவைத் தூக்கியது. விடுதிச் சன்னலைத் திறந்தால் ஒரு முழம் தள்ளி அடுத்த கட்டிடத்தின் சுவர். இங்கே யார் வந்தாலும் வளைவில் கால் வைக்கும்போதே தெரிந்துவிடும்; வந்தவன் நடந்து வந்து சேர்வதற்குள் அவனுக்குக் கதவு உண்டா இல்லையா என்று நிதானமாக யோசிக்கலாம்.

"யம்மா! அந்த வூட்டாண்ட இன்னா வேலை?"

பக்கத்து வீட்டு கேட்டில் ஒரு பெரியவர் நின்றார். டயர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர், பெயர் வரதராஜுலு.

"வீடு பாக்க வந்தேன் அண்ணாச்சி."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகினுகீறேன்? இந்த நகர் சங்கத்துக்குத் தலைவரும்மா நானு."

"சரிங்க தலைவரே. இந்த வீட்டுக்கு என்ன கொறை?"

"கொறையா? தெருக்குத்தும்மா இது! பாரு, ஈட்டி மாறி நேரா வருது ரோடு. நாப்பத்தேழு வூட்டையும் வுட்டுட்டு வந்து இது நெஞ்சுல குத்துது."

எல்லார் வாசலும் கிழக்கே பார்க்க வேண்டும் என்று கோடு போட்டு, கோடு போட்டு, கடைசியில் அத்தனை பேருக்கும் வர வேண்டிய தெருக்குத்தைத் திரட்டி இந்த ஒரு வீட்டின் தலையில் இறக்கிவிட்டார் வாஸ்து நிபுணர். அவர் அதைக் கவனித்தபோது தார் போட்டு முடிந்திருந்தது. அன்றே பெட்டியைக் கட்டியவர்தான், திரும்ப வரவேயில்லை.

"குத்துனா என்னாகும்?"

"இன்னா ஆவுமா? மொதல்ல ஒரு காண்ட்ராக்டர் பாத்துட்டுப் போனார். மறுநாளே முன்னாடிப் பல்லு ரெண்டும் காலி. அப்பால ஒரு வாத்தியார். டயர் வெடிச்சிச்சு."

"எங்க வச்சு?"

"காஞ்சிபுரத்துல."

"அது எங்க இருக்கு, இது எங்க இருக்கு தலைவரே!"

"குத்துன்னா கூடவே வரும்மா! ஷேர் ஆட்டோவுல ஏறிகினு வரும்!" வரதராஜுலு குரலைத் தாழ்த்தினார். "ஆம்பளைக்கு ஆவாது. பத்திரத்துல எந்த ஆம்பள பேரு கீதோ அந்தத் தலைக்கட்டு நிக்காது."

பூமாரி அவரையே பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். நாடாவை ஆட்டிக்கொண்டு அண்ணன் நடு ரோட்டில் வந்துகொண்டிருந்தான். தொழிற்சாலையில் அடிக்கடி நின்றுபோகும் லைன் ஒன்றில் எந்தத் திருகு கழன்றிருக்கிறது என்று சட்டென்று புலப்படும்போது அவள் முகத்தில் ஒரு களை வரும். அது வந்தது.

"அண்ணே, வீடு முடிவாயிட்டு. இதத்தான் வாங்குதோம். நீ சொன்ன மாதிரி ஒம் பேரு மொதல்ல. என்னத்துக்கு ரெண்டு பேரு? ஒம் பேரு மட்டுமே இருக்கட்டும்."

மாரிராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்படிச் சொல்லு!" என்று கேட்டின் அகலத்தை அளக்க நாடாவை நீட்டினான்.

"தம்பி, பேரு போடறதுக்கு முன்னாடி கேட்டுக்கோ" என்று வரதராஜுலு தொடங்கி, பல், டயர், தலைக்கட்டு எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இந்த முறை காண்ட்ராக்டருக்கு நான்கு பல் விழுந்தது. மாரிராஜின் கை நழுவியது. இரும்பு நாடா சர்ரென்று சுருண்டு அவன் கட்டைவிரலைக் கடித்தது.

"பாத்தியா, ஆரம்பிச்சிடுச்சு!" என்றார் வரதராஜுலு.

மாரிராஜ் ஒரே எட்டில் சாலையை விட்டு ஓரத்துக்குத் தாவினான். விரலைச் சப்பிக்கொண்டே ஊருக்குப் போன் போட்டான். உலகம்மாளின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே நகர் முழுக்கக் கேட்டது.

"ஏய்யா, ஒத்த ஆம்பளப் புள்ளய வச்சிருக்கேன்! அந்த வீட்டுல ஒம் பேரு ஒட்டவே கூடாது, சொல்லிட்டேன்!"

"அப்ப யாரு பேர்லம்மா வாங்கட்டும்?" என்று பூமாரி பணிவாகக் கேட்டாள்.

"ஒம் பேர்ல வாங்கிக்கோ. ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

"பன்னிரண்டாம் நம்பரு நல்லாருக்கேட்டி" என்றான் மாரிராஜ் பரிதாபமாக.

"எனக்கு இதுதான் வேணும்."

"அப்ப என்னைச் சேக்காத. சாட்சிக் கையெழுத்துக்குக்கூடக் கூப்பிடாத."

எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தும் அண்ணனிடம் கேட்கத் துணியாததை அவனே ஒரு மூச்சில் கொடுத்துவிட்டான். பாலாஜி மட்டும் எதுவும் புரியாமல், "மேடம், பிரியாணி ஆறுது" என்றான்.

பத்திரம் பதிவானது. சாட்சி போட்டவர்கள் சந்திரம்மாளும் கனகலட்சுமியும்.

ஆனால் வரதராஜுலுவுக்கு அந்த வீடு விற்றதில் துளியும் சம்மதமில்லை. குத்து கொஞ்சம் விலகினாலும் நேரே தன் வீட்டில்தான் ஏறும் என்பது அவர் கணக்கு. அந்த இடத்தை விற்காமல் பிள்ளையார் கோயில் கட்டக் கொடுங்கள் என்று வீடு கட்டிய கம்பெனியிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர். பிள்ளையார் வந்து உட்கார்ந்தால் குத்தெல்லாம் அவர் தொப்பையில் அடங்கிப்போகும்.

பால் காய்ச்சுவதற்காகப் பூமாரி சந்திரம்மாளோடு ஆட்டோவில் வந்து இறங்கிய காலையில், நாற்பத்தெட்டாம் எண் கேட்டை அடைத்துக்கொண்டு இடுப்பளவு செங்கல் மேடை. மேலே அருகம்புல் மாலையோடு கருங்கல் பிள்ளையார். முந்தின நாள் இவள் ஷிப்டில் இருந்த நேரத்தில் கட்டியது. சிமெண்ட் இன்னும் ஈரம். நகரே கூடி நின்றது. வரதராஜுலு சரிகை வேட்டியில் இருந்தார்.

"இது பிள்ளையார் எடம்மா. கம்பெனிகாரங்கிட்ட சொல்லி வேற வூடு வாங்கித் தரேன். இவரைத் தள்ளிட்டு உள்ள போவியா நீ?"

பூமாரி பால் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டாள். அவள் பணிந்துவிட்டாள் என்று நினைத்து வரதராஜுலு மீசையைத் தடவினார்.

"பிரதிஷ்டை ஆயிட்டா தலைவரே?"

"வெள்ளிக்கிழமை ஐயர் வரார்."

"அப்ப இன்னைக்கு இவரு விருந்தாளி" என்றாள். மேடை கட்டி மிச்சமாய்க் கிடந்த செங்கல்லில் மூன்றை எடுத்து, பிள்ளையாருக்கு எதிரே நடு ரோட்டில் அடுப்புக் கூட்டினாள். காய்ந்த நெருஞ்சியும் தென்னஞ்சிராயும் போட்டாள்.

"ரோட்டுலயா பால் காச்சுவ?"

"வாசல் வரைக்கும் ரோடுதானே வருது? நீங்கதானே சொன்னீங்க, நேரா வந்து வீட்டுக்குள்ள ஏறுதுன்னு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது வரதராஜுலுவின் மனைவி காமாட்சியம்மாள். அவள் தன் வீட்டிலிருந்து தீப்பெட்டியோடு வந்தாள். "இன்னாங்க, நம்ம வூட்டு ஆம்பள நல்லா இருக்கறதுக்கு ஒரு பொண்ண நடு ரோட்டுல நிக்க வெப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து நெருப்பு மூட்டினாள்.

பால் பொங்கியது. அன்று பொங்கிய பொங்கலுக்கு நுரை வளைவு வரைக்கும் ஓடி, காவல்காரர் காலை நனைத்தது என்பார்கள். பூமாரி ஒரு தம்ளர் எடுத்துப் பிள்ளையார் முன்னால் வைத்தாள். பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கைப்பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்து, காம்பவுண்டுச் சுவரில் ஏறினாள்.

"யம்மா, இன்னா பண்ற!" என்றார் வரதராஜுலு.

"உள்ள போறேன். இவரத் தள்ளல பாத்துக்கோங்க. இனிமே டெய்லி இப்படித்தான். பர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட். ஒங்க வீட்டுச் சன்னல் நேரதான் குதிப்பேன்."

"வலது கால வெச்சிக் குதிடீ!" என்று கீழிருந்து கத்தினாள் சந்திரம்மாள்.

எந்தக் கால் முதலில் பட்டது என்று பூமாரிக்கே தெரியாது. முழங்கை சிராய்த்தது. பையைப் பொறுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள், உள்ளே போனாள், தாழ்ப்பாள் போட்டாள். வெறும் வீடு. சிமெண்ட் வாசனை. யாரும் தட்டவில்லை. அங்கே நின்றபடி மூச்சு இரைக்கச் சிரித்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து படியில் வந்து நின்றாள். வீட்டுக்காரி குரலில் பேசினாள்.

"தலைவரே, கேட்டுக்கு வலது பக்கம் என் சுவர் சும்மாதான் கெடக்கு. அதுல மாடம் எடுத்து இவர உக்கார வைங்க. சுவர் என்னோடது, சாமி நம்ம எல்லாருக்கும். தெருவப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். ஆனா வாசல் என்னோடது. அத விடணும். மாட்டேன்னா சொல்லுங்க, நான் சுவரேறப் பழகிக்கிடுதேன்."

கூட்டம் வரதராஜுலுவைப் பார்த்தது. வரதராஜுலு மனைவியைப் பார்த்தார். காமாட்சியம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு பிள்ளையாரின் ஒரு பக்கத்தைப் பிடித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் மறுபக்கத்தை அவர் பிடித்தார். தூக்கியதும், "ஐயோ, குத்து! குத்து!" என்று அலறினார்.

"அது சுளுக்கு" என்றாள் காமாட்சியம்மாள். "புடிங்க ஒழுங்கா."

சுவரில் மாடம் எடுத்ததும் பிள்ளையார் அதில் அமர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் சுண்டல். தண்ணீர்க் குழாய் பூமாரியினுடையது. அபிஷேகத்துக்குச் சங்கத் தலைவர் அவளிடம் வந்து கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இப்போதெல்லாம் அண்ணாச்சி என்றால் அவருக்குக் கோபம் வருவதில்லை.

அடுத்த மாதம் உலகம்மாளும் மாரிராஜும் வந்தார்கள். வளைவில் அவர்கள் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே பூமாரி பார்த்துவிட்டாள். காபி போட்டு வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்தாள். உலகம்மாள் வேகமாக உள்ளே போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். மாரிராஜ் கேட்டருகே மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். தைரியமாக நடு ரோட்டில்தான் நின்றான்.

"பிள்ளையாரு வந்துட்டாரே. இப்ப குத்து கெடையாதாம்லா. வேன்ல வந்த அந்தப் பையன் போன்ல சொன்னான்" என்றான்.

"ஆமாண்ணே."

"அப்ப பத்திரத்துல எம் பேரயும் சேத்துக்கலாம்லா? பயலுக்குக் காலேஜ் வேற பாத்துட்டேன்."

குத்து இன்னும் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு பல், ஒரு டயர். அவன் அடுத்த பஸ்ஸுக்கே ஓடிவிடுவான். அவள் சொல்லவில்லை. சாலையின் காற்று நேராக வந்து அவள் முகத்தில் அடித்தது.

"குத்து போயிட்டுண்ணே" என்றாள். "ஆனா நான் இருக்கேன்லா."

மாரிராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக, யாரும் விரட்டாமலே, சாலையை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றான்.

"உள்ள வா, காபி ஆறுது" என்றாள் பூமாரி. "குடிச்சிட்டுப் போலாம்."